கப்பற் சிறையும் மாவோரி மக்களும்

சிறையென்ற சொல்லைக் கேட்ட அளவிலே நம் மனக்கண்முன் தோன்றுவன உயர்ந்த மதிலும் இரும்புக் கதவும் காவலர் நடையுமே. மதிலின்றிக் கடலையே மதிலாகக் கொண்ட சிறைகளும் உலகில் இருந்தன. ஓடித் தேய்ந்து இனிப் பயணத்திற்கு உதவாதென்று கழிக்கப்பட்ட பழங்கப்பலைத் துறைமுகத்தின் நடுவே நங்கூரமிட்டு நிறுத்தி, அதன் வயிற்றினுள் மனிதரை அடைத்துவைத்தல் ஆங்கில அரசாட்சியார் நெடுங்காலம் கையாண்டதொரு முறை. அத்தகைய கப்பலொன்று 1863-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல் நியூஸிலாந்து நாட்டிலே ஆக்லாந்துத் துறைமுகத்தில் நின்றது. அதன் பெயர் மேரியன். அதனுள் அடைபட்டோர் அந்நாட்டின் பழங்குடிகளாகிய மாவோரி மக்கள். அவர்தம் உடல்நலமும் வாழ்க்கையும் அங்கே எந்நிலையில் இருந்திருத்தல் கூடும் என்பதையும், அந்நிலைக்குப் பொறுப்பாளர் யாவர் என்பதையும் குறித்து எமக்குத் தோன்றிய சில கருத்துக்களை ஈண்டு எழுதத் துணிகின்றோம்.

போரின் வரலாற்றை விரிப்பது எம் நோக்கமன்று. வெள்ளையர் குடியேற்றம் பெருகப் பெருகத் தம் நிலம் கைநழுவுவதைக் கண்ட மாவோரித் தலைவர் பலர், 1858-இல் போட்டட்டாவ் என்பாரைத் தமக்கு அரசராக ஏற்படுத்திக்கொண்டனர். இதனைப் பொறாத அரசாங்கத்தார் 1863 ஜூலை 12-ஆம் நாள் படையைச் செலுத்தி வைக்காட்டோ நாட்டினுட் புகுந்தனர். நவம்பர் 20-ஆம் நாள் ராங்கிரிரி என்னும் அரணில் கடும்போர் நிகழ்ந்தது. இருள் சூழ்ந்தமையாற் போர் நின்றது. மறுநாட் காலை அரணுக்குள்ளிருந்தோர் வெள்ளைக் கொடி உயர்த்தினர். அவர் கருதியது உடன்படிக்கை பேசுதலை. ஆங்கிலப் படைத்தலைவர் கொண்டதோ சரணடைதலை. அரணுக்குட் புகுந்த படையினர் படைக்கலங்களைக் கீழே வைக்கச் சொல்லவே, ஏறத்தாழ 180 பேர் சிறைப்பட்டனர். தே ஒரியோரி முதலிய தலைவர்களும் அவருள் இருந்தனர். ஒரு கொடியின் பொருளை இருதிறத்தாரும் வேறுவேறாகக் கொண்டமையே இவர்களைக் கப்பலேற்றியது.

சிறைப்பட்ட இவர்கள் யாவர்? போர்க்கைதிகளா, அன்றி அரசத் துரோகிகளா? சொல்லாராய்ச்சி போலத் தோன்றும் இக்கேள்வியே அவர்தம் உடல்நலத்தை முடிவு செய்தது என்போம். போர்க்கைதிகளெனின் போர் முடிந்ததும் வீடு செல்லலாம். துரோகிகளெனின் நீதிமன்றத்தில் விசாரணை பெற்று, இத்தனை ஆண்டு என்னும் எல்லையையேனும் அறிந்துகொள்ளலாம். இவ்விரண்டும் அவர்க்குக் கிட்டவில்லை. 1840-இல் எழுதப்பெற்ற வைத்தாங்கி உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு, ஆங்கிலக் குடிகளுக்குரிய உரிமைகள் யாவும் மாவோரியர்க்கும் உண்டென்று கூறிற்று. ஆயின் 1863 டிசம்பரில் நியூஸிலாந்துச் சட்டசபை இயற்றிய கலக அடக்குமுறைச் சட்டமோ, விசாரணையின்றி ஒருவரை அடைத்துவைத்தலாகாது என்னும் பழைய உரிமையை நிறுத்திவைத்தது. தமிழிலே கேட்போரையும் உளப்படுத்தி 'நாம்' என்றும், அவரை விலக்கி 'நாங்கள்' என்றும் கூறும் வேறுபாடு உண்டன்றோ? மாவோரி மொழியிலும் இவ்வேறுபாடு உண்டு. 'தாத்தோ' என்பது நாம், 'மாத்தோ' என்பது நாங்கள். ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் ஒரே சொல்தான். உடன்படிக்கை எழுதியபொழுது 'நாம்' என்றிருந்த அச்சொல் சட்டம் எழுதியபொழுது 'நாங்கள்' ஆயிற்றென்று எமக்குத் தோன்றுகின்றது. இலக்கணம் படிப்போர்க்கு எங்கும் இலக்கணமே தோன்றும் என்று நண்பர் நகைப்பர், நகைக்கட்டும்.

இனிக் கப்பலை நோக்குவோம். மரக்கப்பலின் அடித்தட்டு எப்பொழுதும் ஈரமுடையது. அடிப்பள்ளத்தில் ஊறித் தேங்கும் நீர் நாறும். நூறு பேருக்கு மேற்பட்டார் மூச்சுவிடும்பொழுது அம்மூச்சின் ஈரம் தாழ்ந்த கூரைப்பலகையில் முத்து முத்தாக அரும்பி, உறங்குவோர் மீதே சொட்டும். போர்வை உலர்வதில்லை. காற்று வரும் வழி மேற்றட்டிலுள்ள வாயில்களும் பக்கத்துச் சிறு துளைகளுமே. சிறையாளர் தப்பாதிருத்தற்பொருட்டு இரவில் அடைக்கப்படுவனவும் அவையே. காவலுக்கு நன்மையாவது மூச்சுக்குத் தீமையாகும் என்பதே கப்பற் சிறையின் அமைப்பு. நிலத்துச் சிறையிலே முற்றத்தை அகலப்படுத்தலாம், சுவரில் ஒரு சன்னல் திறக்கலாம், நோயாளியைத் தனியறைக்கு மாற்றலாம். கப்பலை எவ்வாறு அகலப்படுத்துவது? ஒருவன் இருமினால் அவ்விருமல் அனைவர்க்கும் உரியது. ஒருவன் ஆடையிற் பேன் பற்றினால் அதுவும் அவ்வாறே.

மாவோரியர் தம் ஊர்களில் இரவு உறங்கும் வீடும் தாழ்ந்த வாயிலும் குறைந்த காற்றும் உடையதாகவே இருந்தது. அக்காலத்து வெள்ளையர் பலர் அதனைக் குறை கூறியும் இருக்கின்றனர். அதனை யாம் மறைக்க விரும்பவில்லை. ஆயின் பொழுது விடிந்ததும் அவர் அவ்வீட்டை விட்டு வெளியேறி ஆற்றிலும் வயலிலும் காட்டிலும் நாளைக் கழித்தனர். கப்பலில் விடியலும் அதே பலகைக்கு அடியில்தான்.

இதனினும் ஆழ்ந்த துன்பம் ஒன்று உண்டு. 'தாப்பு' என்பது மாவோரியர் வாழ்வின் அடிப்படை; தூயதென்றும் தீண்டலாகாததென்றும் விலக்கிவைக்கும் முறையை அச்சொல் குறிக்கும். உணவு சமைக்கும் இடம் வேறு, உறங்கும் இடம் வேறு. கழிப்பிடம் ஊரின் விளிம்பில். மனிதனுடைய தலை மிகத் தூயது, அதனருகே உணவு அணுகலாகாது. நோயுற்றோரும் இறந்தோரும் இருக்கும் இடம் தனி. இவ்விலக்குகளிற் பல உடல்நலத்தையும் காப்பன என்பது இன்று எளிதில் விளங்கும். ஒரே தட்டில் உண்டு, உறங்கி, நோயுற்று, கழிவும் நீக்கவேண்டிய வாழ்க்கையில் இவற்றுள் எது நிலைக்கும்? வயிற்றிற்கு உணவு இட்டாலும், அதனை உண்ணும் மனத்திற்கு நாள்தோறும் இழிவு இட்டதாகவே முடியும். நிலத்தைக் குறிக்கும் 'ஃபெனுவா' என்னும் மாவோரிச் சொல், குழந்தையோடு பிறக்கும் நஞ்சுக்கொடியையும் குறிக்கும். அக்கொடியைத் தம் நிலத்திலே புதைப்பது அவர் வழக்கம். அத்தகையோரை நிலமே படாத இடத்தில் நிறுத்தினர். அதுவும் கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில்.

மேனாட்டார் கொணர்ந்த அம்மை, சுரம், க்ஷயம் ஆகிய நோய்களுக்கு மாவோரியர் உடல் பழகியதன்று. 1858-இல் எடுத்த கணக்கின்படி அவர்தொகை ஏறத்தாழ 56,000. 1896-இல் அது ஏறத்தாழ 42,000 ஆகக் குறைந்தது. இக்குறைவு நேரும் என்பதை ஆட்சியாளர் அறியாரல்லர். கவர்னர் ஸர் ஜார்ஜ் கிரே லண்டனுக்குச் சென்றிருந்தபொழுது, வெள்ளையர் குடியேறிய நாடுகளிற் பழங்குடிகள் ஏன் மடிகின்றனர் என்பதைப் பற்றிப் பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரோடு கலந்து பேசினார். அதன் பயனாக அவ்வம்மையார் குடியேற்ற நாடுகளின் பள்ளிகளிலிருந்தும் மருத்துவச் சாலைகளிலிருந்தும் கணக்குத் தருவித்து ஆராய்ந்து, 1863-இல் அறிக்கையொன்று வெளியிட்டார். நெருக்கமும் காற்றின்மையும் கொடியன, பழங்குடிச் சிறுவரை அறைகளில் நீண்டநேரம் அடைத்துவைத்துக் கற்பித்தலே கேடு விளைக்கும், வெளியிடத்து உழைப்பு வேண்டும் என்னும் கருத்துக்கள் அதிற் கூறப்பட்டன. அவ்வறிக்கை வெளிவந்த ஆண்டும், மேரியன் கப்பலில் மக்களை அடைத்த ஆண்டும் ஒன்றே. கேள்வி கேட்டவரும் கப்பலிருந்த நாட்டின் கவர்னரும் ஒருவரே.

கப்பற் சிறையின் கொடுமை அக்காலத்தார்க்குத் தெரியாதென்றும் கூறவியலாது. அமெரிக்கர் கலகம் செய்ததனால் அந்நாட்டிற்குக் குற்றவாளிகளை அனுப்பவியலாமற்போக, 1776-இல் தேம்ஸ் ஆற்றிலே ஆங்கிலேயர் இம்முறையைத் தொடங்கினர். சிறிது காலத்திற்கென்று தொடங்கியது எண்பது ஆண்டு நீடித்தது. முதலில் ஏற்றப்பட்ட 632 பேருள் 1778 மார்ச்சு மாதத்திற்குள் 176 பேர் இறந்தனர். சிறை சீர்திருத்திய ஜான் ஹோவர்டு என்னும் பெரியார் இவற்றைக் கண்ணாற் கண்டு எழுதினார். 1857-இல் உல்விச் துறையில் நின்ற கடைசிச் சிறைக்கப்பல் தீப்பற்றி அழிந்தது. அதனோடு இங்கிலாந்தில் அம்முறையும் ஒழிந்தது. டிக்கன்ஸ் எழுதிய 'பெருத்த எதிர்பார்ப்புகள்' என்னும் புதினத்தின் தொடக்கத்தில் கப்பற் சிறையினின்று தப்பிவந்த ஒருவன் கல்லறைத் தோட்டத்தில் தோன்றுகின்றான். அது 1861-இல் எழுதி முடிந்தது. ஆங்கில நாட்டார் தம் கதைகளில் மட்டுமே காணத்தக்க பழங்கொடுமை என்று ஒதுக்கியதை, அவர்தம் உறவினர் ஆறே ஆண்டுகளில் வேறொரு கடலில் வேறொரு மக்களுக்கென எடுத்துக்கொண்டனர். தனக்குத் தகாதெனத் தள்ளியதைப் பிறனுக்குத் தகுமெனக் கொள்வது எந்த நீதி?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். அவர்க்கு உணவு அளிக்கப்பட்டது, ஆடை அளிக்கப்பட்டது, மருத்துவர் வந்து பார்த்தனர், வேறென்ன வேண்டும் என்பர் சிலர். சிறையின் நலத்தை உணவுப்பங்கால் அளக்கும் இப்பழக்கத்தைத்தான் யாம் மறுக்கின்றோம். இறைச்சி இத்தனை, ரொட்டி இத்தனை என்று எழுதுதல் எளிது. எழுதியபின் மனச்சான்றும் அடங்கிவிடும். காற்றுக்கும் வெயிலுக்கும் காலடி மண்ணுக்கும் அக்கணக்கில் இடமில்லை. என்று வீடு செல்வோம் என்பதற்கும் இடமில்லை. நோய் தருவது இடமாயிருக்க, அவ்விடத்திலேயே நிறுத்திவைத்து மருந்து கொடுத்தல் ஈரப்பாயிற் கிடப்பவனுக்குப் போர்வை மாற்றுவது போன்றதே.

அரசாங்கத்திலே இதனைப் பற்றிப் பேச்சு நிகழாமல் இல்லை, மிகுதியாகவே நிகழ்ந்தது. கவர்னர் கிரேக்கும், விட்டேக்கர், பாக்ஸ் என்பவர்தம் அமைச்சிற்கும் இடையே சிறையாளரைக் குறித்து நீண்ட எழுத்துப்போர் நடந்தது. அவரை நடத்துவது யார் பொறுப்பு, விடுவிப்பது யார் அதிகாரம், விடுவித்தாற் போர் நீளுமோ என்பனவே வழக்கு. விடுபட்டோர் மீண்டும் படைக்கலம் ஏந்துவர் என்னும் அமைச்சர் அச்சம் வெற்றச்சமன்று என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆயினும் ராங்கிரிரிப் போருக்குப் பின் வீரேமு தாமிஹானா என்னும் பெருந்தலைவர் சமாதானத்திற்கு அடையாளமாகத் தம் பச்சைக்கல் ஆயுதத்தையே ஆங்கிலத் தளபதிக்கு அனுப்பினார் என்பதையும் மறத்தலாகாது. கடிதங்கள் கரையில் நடந்துகொண்டிருந்த எட்டுத் திங்களும் மனிதர் கப்பலில் இருந்தனர். அவரைக் கொடுமை செய்யவேண்டுமென்று எவரும் கருதியிருக்கவேண்டுவதில்லை. எவரும் முடிவு செய்யாதிருந்தாலே போதும்.

அப்போஸ்தலனாகிய பவுலடியார் கைதியாகக் கப்பலேறிய வரலாற்றை யாம் அனைவரும் ஞாயிறு பாடசாலையிற் கற்றிருக்கின்றோம். கப்பல் உடையும் வேளையிற் கைதிகள் நீந்தித் தப்புவர் என்று அஞ்சிய போர்ச்சேவகர் அவரைக் கொன்றுவிட நினைத்தனர். நூற்றுக்கு அதிபதி ஒருவன் தடுத்தான். தடுத்தவன் ஆலோசனைக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கவில்லை.

மாவோரியருட் பெரும்பாலோர் அக்காலத்துக் கிறிஸ்தவர். தாமிஹானா 1839-இல் ஞானஸ்நானம் பெற்றவர். புதிய ஏற்பாடு முழுவதும் 1837-இலேயே மாவோரி மொழியில் அச்சேறிவிட்டது. அதனை அச்சிட்டவர் வில்லியம் கொலென்ஸோ என்னும் மிஷனரி. (தமிழெழுத்துப் பொறித்த பழைய கப்பல்மணி ஒன்று மாவோரியர் ஊரிலே கிழங்கு வேவிக்கும் கலமாக இருக்கக் கண்டு மீட்டவரும் இவரே. அம்மணி இன்று வெலிங்டன் காட்சிசாலையில் உள்ளது. முகைதீன் வகுசு என்பாருடைய கப்பலின் மணி என்று அதில் எழுதியிருக்கின்றது.) சிறையிலிருப்போரைக் காண்பது கிறிஸ்துவையே காண்பதாகும் என்னும் போதனையை, அப்புத்தகத்தின் வழியே அம்மக்கள் தம் மொழியிற் படித்தவர்கள். பின்னர் அப்போதனை தந்த சபையின் தலைவராகிய பிஷப் செல்வினே வைக்காட்டோவில் ஆங்கிலப் படையோடு குருவாகச் சென்றதைக் கண்டனர். காயமுற்றோரை இருபாலும் அவர் பேணினார் என்பர். ஆயினும் மாவோரியர் பலர் மிஷனரிகள்மீது வைத்திருந்த நம்பிக்கை அன்று உடைந்தது. மிஷன் கல்லூரியிற் பயிலும் எமக்கு இவ்விடம் எளிதிற் கடக்கக்கூடியதன்று. படையோடு செல்லும் குருவுக்குக் கப்பலிலிருப்போன் தன் குறையை எவ்வாறு கூறுவான்?

1864 ஆகஸ்டு மாதத் தொடக்கத்திற் சிறையாளரைக் கவாவ் தீவிற்குக் கொண்டுசென்றனர். அத்தீவு கவர்னர் கிரே 1862-இல் விலைக்கு வாங்கிய அவருடைய சொந்த உடைமை. எட்டுத் திங்களுக்குப் பின் அவர் கால்கள் மண்ணை மிதித்தன. அடுத்த செப்டம்பர் 10-ஆம் நாள் இரவிலே படகுகளில் ஏறிக் கூட்டமாகத் தப்பி, எதிர்க்கரையில் தாமஹுங்கா என்னும் மலையில் அரண் அமைத்துக்கொண்டனர். அக்கம்பக்கத்து வெள்ளையரோடு அவர் போர் தொடுத்தாரல்லர்; மீண்டும் பிடிக்கப்படவுமில்லை. நன்றியில்லாதவர் என்று அந்நாளிற் சிலர் ஏசினர். கவர்னர் காட்டிய தயைக்கு இதுவோ கைம்மாறு என்பது அவர் வினா. சிறையைத் தளர்த்தியதற்குச் சிறையாளன் நன்றி கூறவேண்டுமாயின், முன்பு இறுக்கியதற்கு யார் கணக்குக் கூறுவது? எமக்கோ, எட்டுத் திங்கள் ஆராய்ந்தும் கவர்னரும் அமைச்சரும் முடிக்கமாட்டாத வழக்கைச் சிறையாளர் ஓர் இரவில் முடித்துவிட்டனர் என்றே தோன்றுகின்றது.

இம்முடிவிலிருந்து அரசாங்கத்தார் எதனைக் கற்றனர்? 1869-இல் மேற்குக் கரையைச் சேர்ந்த பக்ககோஹி மரபினர் சிறைப்பட்டபொழுது, வெலிங்டன் துறைமுகத்திலே அவரையும் பழங்கப்பலொன்றில்தான் அடைத்தனர். இம்முறை விசாரணை நடந்தது. 74 பேர் அவ்வாண்டு நவம்பரில் தென்கோடியிலுள்ள டனீடின் நகருக்குக் கடின உழைப்பிற்கு அனுப்பப்பட்டனர். வெப்பமிக்க வடபகுதியில் வாழ்ந்தோர் தெற்கின் குளிரிலே பாதை வெட்டினர், கல் சுமந்தனர். 1872-இல் விடுதலை வந்தபொழுது அவருள் 18 பேர் இல்லை. நுரையீரல் நோய்க்கே பலர் இரையாயினர். கப்பலின் ஈரத்திலே பற்றிய நோய் எத்தனை பேரைக் குளிரில் முடித்தது என்பதை எந்த மருத்துவர் பிரித்துக் கூறவல்லார்? 1995-இல் இரண்டாம் எலிஸபெத்து அரசியார் வைக்காட்டோ மக்களிடம் அரசாங்கத்தின் மன்னிப்பைக் கூறும் சட்டத்திற்குத் தம் கையாலேயே ஒப்பமிட்டார். நிலம் பறித்ததற்கும் உயிரிழப்பிற்கும் அம்மன்னிப்பு. பறித்த நிலமோ ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர்.

நூற்றறுபது ஆண்டுக்கு முற்பட்ட பழங்கப்பலை இன்று ஏன் இழுத்துவருகின்றீர் என்று கேட்போர்க்கு ஒன்று கூறுவோம். 2023 ஆகஸ்டு 7-ஆம் நாள், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ட்லாந்துத் துறையிலே, பிபி ஸ்டாக்ஹோம் என்னும் மிதவைக் கலத்தில் மனிதரைக் குடியேற்றத் தொடங்கினர். அவர் கைதிகளல்லர், புகலிடம் வேண்டி வந்தவர். ஏறத்தாழ 500 பேரை அதில் வைப்பது திட்டம். அக்கலத்தின் நீர்க்குழாய்களில் நுரையீரலைத் தாக்கும் கிருமி இருக்கக் கண்டு, ஒரு வாரம் கழியுமுன்னரே உள்ளிருந்த 39 பேரையும் கரையேற்றினர். பின்னர் அக்டோபரில் மீண்டும் ஏற்றினர். டிசம்பரில் ஒருவர் உள்ளேயே இறந்தார். 2024 நவம்பரிலேதான் அது காலியாயிற்று. கட்டிலும் உணவும் மருத்துவ உதவியும் அதிலே முறையாக அமைந்திருந்தன என்பது அரசாங்கத்தார் கூறிய விடை.